அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து: முதல் நிலை வீரருக்கு எந்தப் பல்கலைக்கழகம் பொருந்தும்?

2024 நவம்பர் 21 அன்று பிரைஸ் அண்டர்வுட் மனம் மாறினார். அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகவிருந்த பள்ளி வீரர்களில் முதலிடத்தில் மதிப்பிடப்பட்ட குவாட்டர்பேக் அவர்; முட்டை வடிவப் பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் இடம் அது. மிச்சிகன் மாநிலம் பெல்வில்லைச் சேர்ந்தவர். லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யு.வில் சேர்வதாக ஜனவரியிலேயே வாக்குக் கொடுத்திருந்தார். பள்ளி வீரர்கள் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போடும் கையெழுத்து நாளுக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது, வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குத் தாவினார். ஒரு கோடி டாலரைத் தாண்டிய பேரம் என்று செய்திகள் வந்தன. பணத்துக்காகத்தான் போனார் என்று பலரும் அதோடு முடித்துவிட்டார்கள். ஆனால் மிச்சிகனில் அப்போது குவாட்டர்பேக் இடம் கிட்டத்தட்டக் காலியாகக் கிடந்தது. 2025 பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே அவர் தொடக்க வீரராக, அதாவது அந்த இடத்தின் முதல் தேர்வாக, இறங்கினார். பணமும் வீடும் காலி இடமும் ஒரே ஊரில் அமைந்துவிட்டன.

ஆர்ச் மேனிங் எடுத்த முடிவு இதற்கு நேர் எதிரானது. புகழ்பெற்ற முன்னாள் குவாட்டர்பேக்குகளான பெய்டன், ஈலை மேனிங் இருவருக்கும் அண்ணன் மகன். எந்தக் கதவைத் தட்டினாலும் திறந்திருக்கும். 2022 ஜூனில் ஜார்ஜியாவையும் அலபாமாவையும் விட்டு டெக்சஸைத் தேர்ந்தெடுத்தார். அங்கே குவாட்டர்பேக்காகக் குவின் யூவர்ஸ் ஏற்கெனவே இருந்தார். 2023, 2024 இரண்டு பருவமும் மேனிங் அவருக்குப் பின்னால் காத்திருந்தார். யூவர்ஸ் காயப்பட்டபோது 2024இல் இரண்டு ஆட்டம் தொடங்கக் கிடைத்தது. முழு நேரத் தொடக்க வீரராக ஆனது 2025இல்தான்.

இரண்டுமே சரியான கணக்கு. இவற்றைப் பார்த்து "புகழ்பெற்ற அணிக்குப் போவதா, பணம் தருகிற அணிக்குப் போவதா" என்று பொதுவாகக் கேட்பதில் பயன் இல்லை. வீரர் எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதைப் பொறுத்துக் கேள்வியே மாறுகிறது. குவாட்டர்பேக்குக்கு நல்ல பல்கலைக்கழகம், மோதல் கோட்டில் நின்று எதிராளியைத் தள்ளும் லைன்மேனுக்கு வீணாகலாம். லைன்மேனைத் தூக்கிவிடும் இடத்தில் குவாட்டர்பேக் மூன்று ஆண்டு ஓரத்தில் நிற்கலாம்.

குவாட்டர்பேக்: பதினொரு பேரில் ஒருவர்

தாக்குதலை நடத்தும் இந்த இடத்தில் மற்ற இடங்களைப் போல மாற்றி மாற்றி ஆட வைப்பது அபூர்வம். அணியில் நான்கைந்து குவாட்டர்பேக்குகள் இருப்பார்கள், ஆடுபவர் ஒருவர். அதனால் முதல் கேள்வி, எனக்கு முன்னால் நிற்பவர் எப்போது போவார் என்பதுதான். தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகள் ஆண்டுதோறும் சுற்றுச் சுற்றாக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆன பிறகே நிற்க முடியும். எனவே தொடக்க வீரர் இரண்டாம் ஆண்டில் இருந்து, நன்றாகவும் ஆடுகிறார் என்றால், அடுத்த பருவம் முடிந்ததும் கிளம்பிவிட வாய்ப்பு அதிகம். நான்காம் ஆண்டில் சுமாராக ஆடுபவர் என்றால் எப்படியும் போய்விடுவார். இதுவரை எளிய கணக்கு.

இந்தக் கணக்கைக் கெடுப்பது டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது அணி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல். முன்பெல்லாம் அணி மாறினால் ஓர் ஆண்டு சும்மா உட்கார வேண்டும். 2021இல் அந்தத் தடை ஒருமுறைக்குத் தளர்ந்தது, 2024இல் முற்றிலும் போய்விட்டது. நீங்கள் இரண்டு ஆண்டு காத்திருந்து, உங்கள் முறை வரும் ஜனவரியில், இருபத்தைந்து ஆட்டம் ஆடிய அனுபவசாலி ஒருவரைப் பயிற்சியாளர் வெளியிலிருந்து கொண்டுவந்துவிடலாம். ஓரிகனில் டான் லானிங் பொறுப்பேற்ற 2022 முதல் 2025 வரை முதல்நிலை குவாட்டர்பேக்காக ஆடிய மூவருமே வேறு பல்கலைக்கழகத்தில் தொடங்கியவர்கள்: போ நிக்ஸ் ஆபர்னிலிருந்து, டில்லன் கேப்ரியல் ஓக்லஹோமாவிலிருந்து, டான்டே மூர் யுசிஎல்ஏவிலிருந்து. ஜார்ஜியாவில் அதே காலத்தில் நிலைமை வேறு. 2020இல் சேர்ந்த கார்சன் பெக் மூன்று ஆண்டு காத்திருந்து 2023இல் தொடக்க வீரரானார். 2022இல் சேர்ந்த கன்னர் ஸ்டாக்டன் 2025இல். பொறுமையுள்ள பையனுக்கு ஜார்ஜியாவில் ஒரு வரிசை இருக்கிறது, அது நகர்கிறது. ஓரிகனுக்குப் போகும் பள்ளி வீரர், போர்ட்டலில் வருகிறவரோடும் போட்டியிடத் தயாராகப் போக வேண்டும். எந்தப் பயிற்சியாளரும் "வெளியே தேட மாட்டேன்" என்று சொல்வார். அவருடைய கடந்த நான்கு பருவத் தொடக்க வீரர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று எழுதிப் பார்த்தால் போதும்.

காத்திருப்பதில் ஒரு சலுகை உண்டு. ஒரு பருவத்தில் நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் அந்த ஆண்டு கணக்கில் சேராது. ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவம் என்ற உரிமை அப்படியே இருக்கும். முதல் ஆண்டில் அந்த நான்கு ஆட்டத்தை யாருக்கு, எப்போது கொடுக்கிறார்கள் என்பதும் பார்க்க வேண்டிய விஷயம்.

கோட்டில் நிற்பவர்கள்

தாக்குதல் லைன்மேனுக்கு "வந்த உடனே ஆடலாம்" என்ற வாக்குறுதி பெரும்பாலும் மதிப்பில்லாதது. பள்ளியில் 125 கிலோவோடு எதிராளியை நகர்த்திய பையன், கல்லூரியில் தன்னைவிட மூன்று நான்கு வயது மூத்த, பல ஆண்டு எடை தூக்கிய உடல்களைச் சந்திக்கிறார். இடுப்பிலும் தொடையிலும் அந்த வலு ஏற இரண்டு ஆண்டு ஆகும். அவசரப்பட்டு இறக்கினால் தோள்பட்டையும் முழங்காலும் போகின்றன. இவருக்குத் தேவை மூன்று: வலுப்பயிற்சி ஆசிரியர், லைன் பயிற்சியாளர், பயிற்சியில் தினமும் எதிரே நிற்கப்போகிற ஆள். மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சனிக்கிழமை ஆட்டம் பன்னிரண்டு. பயிற்சி நாட்களோ நூற்றுக்கும் மேல். வருங்கால முதல் சுற்று வீரரைத் தினமும் தடுத்துப் பழகியவர் கற்றுக்கொள்வது வேறு ரகம். ஜார்ஜியா, ஒஹாயோ ஸ்டேட், அலபாமா போன்ற இடங்கள் லைன்மேன்களை இழுப்பதற்கு இதுதான் உண்மையான காரணம். கோப்பை அலமாரி அதற்குப் பிறகுதான்.

தற்காப்பு லைனில் இன்னொரு நன்மை, ஆட்களைச் சுழற்சியில் இறக்குவார்கள். ஜோர்டன் டேவிஸ் ஜார்ஜியாவுக்கு வந்தபோது மூன்று நட்சத்திர வீரர் (பள்ளி வீரர்களுக்கான மதிப்பீட்டில் ஐந்துதான் உச்சம்). 2021 பருவத்தில் பாதி நேரத்துக்கும் குறைவாகவே களத்தில் நின்றார். 2022 டிராஃப்ட்டில் 13ஆம் இடத்தில் எடுக்கப்பட்டார். அந்த ஒரே ஆண்டில் ஜார்ஜியாவிலிருந்து 15 பேர் தேர்வானார்கள், முதல் சுற்றில் மட்டும் தற்காப்பு வீரர்கள் ஐந்து பேர். நெரிசலான அணியில் குறைவாக ஆடினாலும் இந்த இடத்துக்குப் பெரிய நஷ்டம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

லைன் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்டாக ஆடுபவர் மட்டும் வேறு பக்கம் பார்க்கலாம். ஐயோவா தேசியக் கோப்பைக்கு அருகில் வருவது அரிது, தாக்குதல் ஆட்டமும் பல ஆண்டு மந்தம்தான். ஆனால் ஜார்ஜ் கிட்டில் 2017இல், டி.ஜே. ஹாக்கன்சனும் நோவா ஃபேன்ட்டும் 2019இல் முதல் சுற்றில் ஒன்றாக, சாம் லபோர்ட்டா 2023இல் என்று அங்கிருந்து போனவர்களில் ஒருவர்கூட ஐந்து நட்சத்திர வீரராக வந்தவர் இல்லை. அந்த ஒரு இடத்தை அங்கே பொறுமையாகச் செதுக்குகிறார்கள்.

டிராஃப்ட் எண்ணிக்கையை எப்படிப் படிப்பது

"எங்களிடமிருந்து ஐந்து ஆண்டில் நாற்பது பேர் என்எஃப்எல் போனார்கள்" என்ற சுவரொட்டி ஒவ்வொரு அலுவலகத்திலும் தொங்கும். அந்த நாற்பதில் உங்கள் இடத்தில் ஆடியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் பள்ளியிலிருந்து நேரே வந்து வளர்ந்தவர்கள் யார், கடைசி ஓர் ஆண்டு மட்டும் போர்ட்டலில் வந்து தலைகாட்டியவர்கள் யார்? கடைசியாக, அதே ஐந்து ஆண்டில் அந்த இடத்துக்குக் கையெழுத்திட்டவர்கள் மொத்தம் எத்தனை பேர், பாதியில் கிளம்பியவர்கள் எத்தனை பேர்? பன்னிரண்டு பேர் வந்து இருவர் தேர்வாகி ஏழு பேர் விலகிய அறையும் (ஒரே இடத்தில் ஆடுபவர்களின் குழுவை அப்படித்தான் சொல்வார்கள்), ஆறு பேர் வந்து இருவர் தேர்வாகி ஒருவர் விலகிய அறையும் சுவரொட்டியில் ஒரே மாதிரிதான் தெரியும். பழைய அணிப் பட்டியல்கள் எல்லாம் பொதுவெளியில் கிடைக்கின்றன. ஒரு மாலை உட்கார்ந்தால் இந்த எண்ணிக்கை கையில் வந்துவிடும். இதைச் செய்யாமல் தலைக்கவசத்தின் நிறத்தைப் பார்த்துக் கையெழுத்திடும் குடும்பங்களை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

எறிந்த பந்தைப் பிடிப்பவர்களான ரிசீவர்களின் அறை, ஒஹாயோ ஸ்டேட்டில், இதற்கு நல்ல பாடம். 2022 முதல் 2025 வரை நான்கு டிராஃப்ட்டில் காரெட் வில்சன், கிறிஸ் ஒலாவே, ஜாக்சன் ஸ்மித்-இன்ஜிக்பா, மார்வின் ஹாரிசன் ஜூனியர், எமெக்கா எக்புக்கா என ஐந்து ரிசீவர்கள் முதல் சுற்றில் போனார்கள். இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் பிரையன் ஹார்ட்லைன். அதே அறையில் ஜேமிசன் வில்லியம்ஸும் இருந்தார். முன்னே மூன்று பேர் நின்றதால் 2021இல் அலபாமாவுக்கு மாறினார். 2022 டிராஃப்ட்டில் வில்சன் 10ஆம் இடம், ஒலாவே 11, வில்லியம்ஸ் 12. நெரிசலான அறையில் இருந்ததால் அவர் கெட்டுப்போகவில்லை, சரியான நேரத்தில் வெளியே வந்ததால் பிழைத்தார். ஒஹாயோ ஸ்டேட்டுக்கு ரிசீவர்கள் குவிந்ததற்குக் கட்டடமும் கோப்பையும் ஓரளவுக்குத்தான் காரணம், மிச்சம் எல்லாம் ஹார்ட்லைன் என்ற ஒரு மனிதர். அவர் 2025 டிசம்பரில் சவுத் ஃபுளோரிடாவின் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். அவரை நம்பிக் கையெழுத்திட இருந்தவர்களுக்குப் பழைய பட்டியல் இனி எந்த உத்தரவாதமும் தராது.

ஆசிரியரைத் தேடிச் சிறிய இடத்துக்கே போனவரும் உண்டு. 2021 டிசம்பர் 15 அன்று, நாட்டின் முதலிட வீரர்களில் ஒருவரான டிராவிஸ் ஹன்டர், ஃபுளோரிடா ஸ்டேட்டுக்குக் கொடுத்த வாக்கை விட்டு மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட்டுக்குக் கையெழுத்திட்டார். கறுப்பின மாணவர்களுக்கென வரலாற்றில் உருவான பல்கலைக்கழகம் அது. ஆடுவது ஒரு படி கீழான பிரிவில். அங்கே பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸ், எதிரணி ரிசீவர்களைத் தடுக்கும் கார்னர்பேக்காக ஆடியவர்களில் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். சாண்டர்ஸ் கொலராடோவுக்குப் போனபோது ஹன்டரும் போனார். ரிசீவராகவும் கார்னர்பேக்காகவும் ஒரே ஆட்டத்தில் ஆடி ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான 2024இன் ஹைஸ்மன் விருதை வென்றார், 2025 டிராஃப்ட்டில் இரண்டாம் இடத்தில் போனார். எல்லாருக்கும் இது பொருந்தாது. தனக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பதினெட்டு வயதுக்காரர்கள் குறைவு.

பணத்தை எப்படி ஒப்பிடுவது

பெயர், படம், தோற்றம் (சுருக்கமாக என்.ஐ.எல்.) ஆகியவற்றுக்கு வீரர்கள் பணம் வாங்கலாம் என்பது 2021 ஜூலை 1 முதல். பல்கலைக்கழகமே நேரடியாகக் கொடுக்கலாம் என்பது 2025 ஜூலை 1 முதல். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு, ஒரு பல்கலைக்கழகத்தின் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதில் முக்கால் பங்கு கால்பந்துக்குப் போகிறது. அணிக்கு 105 பேர் வரை என்பதால் சராசரி தலைக்கு ஒன்றரை லட்சம் டாலரை ஒட்டி வரும். சராசரியை யாரும் வாங்குவதில்லை. குவாட்டர்பேக்கும் அவரது இடப்புறத்தைக் காக்கும் லைன்மேனான இடது டாக்கிளும் எதிரணி குவாட்டர்பேக்கைத் துரத்தும் எட்ஜ் வீரரும் பெரும் பங்கை எடுத்துக்கொள்ள, மற்றவர்களுக்கு மிச்சம். ஆகவே கூட்டத்தில் ஒருவருக்குச் சராசரியைவிடப் பல மடங்கு சொன்னால், அதில் எவ்வளவு பல்கலைக்கழகத்தின் கையிலிருந்து, எவ்வளவு வெளியாரிடமிருந்து என்று கேட்க வேண்டும்.

இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பல்கலைக்கழகம் தருவது ஒப்பந்தப்படி மாதாமாதம் வரும். வெளி நிறுவனங்களின் ஒப்பந்தம் 600 டாலரை எட்டினாலே டிலாய்ட் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனம் நடத்தும் என்.ஐ.எல். கோ தளத்தில் பதிவு செய்ய வேண்டும்; உண்மையான வணிகக் காரணம் இல்லை, தொகை சந்தை மதிப்புக்கு மீறியது என்று தோன்றினால் அனுமதி கிடைக்காது. "மொத்தம் எட்டு லட்சம்" என்ற பேச்சில் ஐந்து லட்சம் இன்னும் அனுமதி பெறாத வெளிப்பணமாக இருந்தால், கையில் இருப்பது மூன்று லட்சம் என்றே கணக்கிட வேண்டும்.

ஜேடன் ரஷாடா என்ற குவாட்டர்பேக் 2022 டிசம்பரில் ஃபுளோரிடாவுக்குக் கையெழுத்திட்டார். பின்னணியில் 1 கோடியே 38.5 லட்சம் டாலர் ஒப்பந்தம் இருந்தது. பணம் வரவில்லை, 2023 ஜனவரியில் விடுவிக்கப்பட்டு அரிசோனா ஸ்டேட்டுக்குப் போனார், 2024இல் வழக்குப் போட்டார். 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகமான யுஎன்எல்வி தன் முதல் மூன்று ஆட்டத்தையும் வென்றிருந்த நேரத்தில் அதன் குவாட்டர்பேக் மேத்யூ ஸ்லூக்கா அணியை விட்டு விலகினார். ஒரு லட்சம் டாலர் தருவதாக வாய்ப்பேச்சாகச் சொன்னது வரவில்லை என்பது அவர் தரப்பு. எழுத்தில் இல்லாத தொகையைப் பூஜ்யமாகவே எண்ண வேண்டும்.

எழுத்தில் இருப்பதிலும் சில வரிகளை வழக்கறிஞர் படிக்க வேண்டும். காயப்பட்டு ஒரு பருவம் முழுக்க ஆடாவிட்டால் தொகை நிற்குமா? பயிற்சியாளர் மாறினால்? நீங்களே வேறு அணிக்குப் போனால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும்? ஜார்ஜியாவின் விளையாட்டுச் சங்கம், விலகிப்போன ஒரு தற்காப்பு வீரரிடம் 3,90,000 டாலர் கேட்டு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. போர்ட்டல் திறந்திருக்கிறது என்பதால் வெளியேறுவது இலவசம் ஆகிவிடாது.

வரியைப் பெரும்பாலான பெற்றோர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். இந்தப் பணத்தில் யாரும் முன்கூட்டி வரி பிடிப்பதில்லை. சுயதொழில் வருமானமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாமே கட்ட வேண்டும். டெக்சஸ், ஃபுளோரிடா, டென்னசியில் மாநில வருமான வரி இல்லை. ஓரிகனில் மேல்படி விகிதம் 9.9 சதவீதம், ஐந்து லட்சம் டாலருக்கு ஏறத்தாழ 45,000 டாலருக்கு மேல் போகும். அதற்காக ஓரிகனை ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் இரண்டு தொகையை ஒப்பிடும்போது வரி போக மிஞ்சுவதை வைத்து ஒப்பிட வேண்டும்.

பயிற்சியாளர் போய்விட்டால்

அலபாமாவின் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன் 2024 ஜனவரி 10 அன்று ஓய்வை அறிவித்தபோது, ஜூலியன் சாயின் என்ற குவாட்டர்பேக் அலபாமாவில் ஏற்கெனவே சேர்ந்திருந்தார். அதே மாதம் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மாறி, 2025இல் அங்கே தொடக்க வீரரானார். நல்லபடியாக முடிந்தது. 2025 இலையுதிர் காலம் இன்னும் கடுமை. அக்டோபரில் பென் ஸ்டேட் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியது, எல்.எஸ்.யு. பிரையன் கெல்லியை நீக்கியது. ஃபிராங்க்ளின் வர்ஜீனியா டெக்குக்குப் போக, வாக்குக் கொடுத்திருந்த பலர் அவரோடு போனார்கள். டிசம்பர் 3 கையெழுத்து நாளில் பென் ஸ்டேட்டுக்குப் பள்ளியிலிருந்து கையெழுத்திட்டவர்கள் இரண்டே பேர். அண்டர்வுட்டை மிச்சிகனுக்கு அழைத்துவந்த ஷெரோன் மூரும் ஒரே பருவம் கழித்து, அந்த டிசம்பரிலேயே பதவி இழந்தார்.

முன்பு குளிர்காலம், வசந்தம் என இரண்டு முறை திறந்த போர்ட்டல், 2026 முதல் ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே முறைதான். தலைமைப் பயிற்சியாளர் மாறினால் புதியவர் வந்து ஐந்து நாள் கழித்து 15 நாள் அவகாசம் உண்டு. தலைமைப் பயிற்சியாளர் இருந்து, உங்கள் இடத்தின் பயிற்சியாளர் மட்டும் போனால் எந்த அவகாசமும் இல்லை. கற்றுத்தருபவர் பெரும்பாலும் அவர்தான் என்பதால், அவருடைய ஒப்பந்தம் எந்த ஆண்டு வரை, அவருக்கு வேறு எங்கிருந்து அழைப்பு வரக்கூடும் என்பதை வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.

நேரில் போகும்போது

பல்கலைக்கழகச் செலவில் அழைக்கும் வருகை இரண்டு நாளை ஒட்டியதுதான். பெண் பார்க்கும் நாள் மாதிரி எல்லாரும் நல்ல முகத்தோடு இருப்பார்கள்: சீருடை போட்டுப் புகைப்படம், மாட்டிறைச்சி விருந்து, தலைமைப் பயிற்சியாளர் வீட்டில் காலை உணவு. முடிவெடுக்க அதில் சரக்கு குறைவு. மார்ச், ஏப்ரலில் சொந்தச் செலவில் போய் ஒரு வசந்தப் பயிற்சியை முழுதாகப் பார்ப்பது அதைவிட மேல். தனித்தனிக் குழுவாகப் பிரிந்து பயிற்சி செய்யும் அந்தப் பத்து இருபது நிமிடம்தான் முக்கியம். லைன்மேன்கள் வரிசையாக முதல் அடி எடுத்து வைப்பார்கள். அடி அகலமாகப் போனால் எடை பின்னால் சாயும், கை எதிராளியின் நெஞ்சுக்கு வெளியே நழுவும். பயிற்சியாளரின் கண் காலில் இருக்கிறதா, வெறுமனே கத்துகிறாரா? மூன்றாம் வரிசைப் பையன் தவறு செய்யும்போது அடுத்த முறைக்கு முன்பே வந்து காலைத் திருத்துகிறாரா, அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுகிறாரா? முதல் ஆண்டில் நீங்கள் நிற்கப்போவது அந்த மூன்றாம் வரிசையில்தான். பிறகு அவர்களுக்கு எத்தனை முறை வாய்ப்புக் கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

வீட்டுத் தூரம் சிறிய விஷயமாகத் தெரியும், ஆனால் காயமோ தோல்வியோ வரும் அக்டோபரில் பெரிதாகிவிடும். பக்கத்தில் இருந்தால் பெற்றோர் காரில் வந்துவிடுவார்கள். வெளியாட்டங்களின் தூரத்தையும் சேர்த்துப் பாருங்கள்: 2024 முதல் பிக் டென் லீக் நியூஜெர்சியின் ரட்கர்ஸிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை நீள்கிறது, கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் அட்லாண்டிக் கரை லீக்கில் ஆடுகிறது. ஸ்டான்ஃபோர்ட், நார்த்வெஸ்டர்ன், டியூக் போன்ற இடங்களின் பட்டம் கால்பந்து முடிந்த பிறகும் சோறு போடும். முதல் சுற்று வீரர் என்று உறுதியில்லாத எவருக்கும் இது கனமான காரணம்தான்.

இவை எல்லாம் கைகூட, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே ஒரு வேலை முடிந்திருக்க வேண்டும். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தகுதிக்கு 16 அடிப்படைப் பாடங்கள், குறைந்தது 2.3 சராசரி; அவற்றில் 10 பாடம் பள்ளிக் கடைசி ஆண்டு தொடங்குவதற்குள் முடித்திருக்க வேண்டும். ஜனவரியிலேயே கல்லூரிக்குப் போய் வசந்தப் பயிற்சியைப் பிடிக்க நினைப்பவர் அரை ஆண்டு முன்னதாகப் பள்ளி முடிக்க வேண்டும், ஆங்கிலப் பாடம் ஒன்றைக் கோடையில் எடுத்தால்தான் கணக்கு நேராகும். பள்ளி ஆலோசகரிடம் இந்தப் பட்டியலை ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.